வன்னிக்கு மாகாண சபை தேவையா?

கேள்வி: கொழும்பில் எம்.பி.க்கள் இருக்கிறார்கள், ஊரில் பிரதேச சபை இருக்கிறது. வன்னியில் வசிப்பவர்களுக்கு இடையில் ஒரு மாகாண சபை உண்மையில் தேவையா? தேர்தல் வரும்போது மட்டும் கட்சிகள் இதைப் பேசுவது ஏன்? வீண் செலவு இல்லையா?

தேவை. யாழ்ப்பாணத்துக்குத் தேவைப்படுவதைவிட எங்களுக்கு அதிகம் தேவை. நெடுங்கேணிப் பக்கம் வயல் செய்கிறவன் நான். ஊர்க் கமக்காரர் அமைப்பின் கடிதப் போக்குவரத்தும் என் கையில்தான் இருக்கிறது. எந்தக் கடிதத்தை எந்தக் கந்தோருக்கு எழுதுவது, யார் பதில் போடுவார், யார் போடமாட்டார் என்பதை நாளாந்தம் பார்த்து வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பத்திரிகைகள் இதை ஏனோ எழுதுவதில்லை. 2013 செப்டெம்பர் 21 அன்று வட மாகாண சபைத் தேர்தல் நடந்தது. வென்ற கட்சிக்குக் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆசனங்கள் இரண்டையும் ஒதுக்கிவிட்டால் சபைக்கு 36 ஆசனங்கள். அதில் யாழ்ப்பாணத்துக்கு 16, வவுனியாவுக்கு 6, மன்னாருக்கு 5, முல்லைத்தீவுக்கு 5, கிளிநொச்சிக்கு 4. வன்னிப் பெருநிலப்பரப்பின் நான்கு மாவட்டங்களையும் கூட்டினால் 20 வருகிறது. மாகாணத்தின் சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தும், அந்தச் சபையில் பெரும்பான்மை வன்னியிடம் இருந்தது. எங்கள் வரலாற்றில் வேறு எந்த மன்றத்திலும் எங்களுக்கு அப்படியொரு பலம் வாய்த்ததில்லை.

பாராளுமன்றத்தில் நிலைமை வேறு. கிளிநொச்சியை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்த்திருக்கிறார்கள். மற்ற மூன்று மாவட்டங்களும் வன்னித் தேர்தல் மாவட்டம் என்று ஒன்றாக்கப்பட்டு, 6 ஆசனங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பட்டியலிலிருந்து யார் உள்ளே போவது என்பதை, வாக்காளர் தனித்தனி வேட்பாளருக்கு இடும் விருப்பு வாக்கு தீர்மானிக்கிறது. மூன்று மாவட்டங்களில் வாக்காளர் மிகக் குறைந்தது முல்லைத்தீவு. அங்கிருந்து ஒருவர் தெரிவாகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் மாகாண சபையில் முல்லைத்தீவுக்கு ஐந்து பேர் நிச்சயம். அந்த ஐந்தில் யாழ்ப்பாணத்தாரோ வவுனியாவாரோ கைவைக்க முடியாது.

2024 நவம்பர் 14 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியில் தேசிய மக்கள் சக்தி 39,894 வாக்குகளோடு முதலிடம் பிடித்து இரண்டு ஆசனங்களைப் பெற்றது. ஐக்கிய மக்கள் சக்தி 32,232, தமிழரசுக் கட்சி 29,711, ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி 21,102, தொழிற்கட்சி 17,710. இந்த நான்குக்கும் ஆளுக்கொரு ஆசனம். தமிழரசுக் கட்சியும் கூட்டணியும் முன்பிருந்ததைப்போல ஒரே பட்டியலில் நின்று இதே வாக்குகளை எடுத்திருந்தால் 50,813 வாக்குகளோடு முதலிடமும், முதலிடத்துக்குரிய போனஸ் ஆசனமும் அவர்களுக்கே போயிருக்கும். இரண்டு ஆசனம் மூன்றாகியிருக்கும். 2020இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாக நின்றபோது மூன்றுதான் கிடைத்தது. அந்த ஒற்றை ஆசனத்தைப் பற்றி ஊரில் மாதக்கணக்கில் பேசினார்கள். பேசட்டும், நியாயம்தான். ஆனால் அந்த ஒன்றைவிடப் பெரிய இழப்பு, 2018இல் சபையின் காலம் முடிந்து மறுபடி தேர்தல் நடக்காததால் மாகாண சபையில் எங்கள் இருபது பேர் இல்லாமல் போனது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இனி, இது அன்றாட வாழ்க்கையில் எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன்.

2025 மே 6 அன்று உள்ளூராட்சித் தேர்தல். 2018 பெப்ரவரிக்குப் பிறகு, 2023 மார்ச்சில் நடக்கவிருந்து பணமில்லை என்று தள்ளிப்போடப்பட்டு, பிறகு நடந்த தேர்தல் அது. ஏப்ரலில் எங்கள் பக்கம் வாக்குக் கேட்டு ஒரு வேட்பாளர் வந்தார். ஊர்ப் பையன், படித்தவன், கெட்டிக்காரன். குளத்துக்குப் போகும் வழியில் ஒரு மதகு இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துக் கொங்கிரீட் உடைந்து கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி அதில் ஏறும்போது பின்னால் இரண்டு பேர் கூடவே நடந்து வரவேண்டும். பக்கத்து வளவு அம்மா ஒருவர் அந்தப் பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மதகைக் காட்டினார். பையன் பொய் சொல்லவில்லை. "அம்மா, இந்த வீதி பிரதேச சபைக்குச் சொந்தமில்லை. மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் வீதி. நான் வென்றாலும் இதில் கைவைக்க முடியாது" என்றான். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அந்தத் திணைக்களத்துக்கு எப்போது தேர்தல், தம்பி?" என்று கேட்டார்.

இதைவிடச் சரியான கேள்வியை எந்த அரசியல் மேடையிலும் நான் கேட்டதில்லை. பெரிய வீதிகள் கொழும்பின் பொறுப்பு. ஊருக்குள் ஓடும் ஒழுங்கைகள் பிரதேச சபையின் பொறுப்பு. இரண்டுக்கும் இடைப்பட்ட வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. வன்னியில் கிராமத்தையும் சந்தையையும், வயலையும் ஆலையையும் இணைப்பவை பெரும்பாலும் இந்த இடைப்பட்ட வீதிகள்தான். தேசியப் பாடசாலைகள் தவிர்ந்த அரச பாடசாலைகள் மாகாணத்தின் கீழ். பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். கூட்டுறவும் மாகாணத்தின் கீழ். பிரதேச சபை உறுப்பினரைத் தெருவில் மறித்துக் கேட்கலாம், எம்.பி.யைத் தேர்தலில் தோற்கடிக்கலாம். இடையில் உள்ள இவ்வளவுக்கும் நாங்கள் தெரிவுசெய்த ஒரு மனிதரும் 2018 ஒக்டோபருக்குப் பிறகு இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் இருக்கிறார், அவருக்குக் கீழ் செயலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நல்லவர்களும் உண்டு. ஆனால் அவர்களுடைய நன்மைக்கும் தீமைக்கும் என் வாக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆசிரியர் விடயம் இன்னும் மோசம். கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்கு நியமனம் பெறும் ஆசிரியர்கள் காலையில் தூரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, பின்னேரம் அதே பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். கட்டாயக் காலம் முடிந்ததும் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. தங்குவதற்கு விடுதி இல்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் என் மகள் சாதாரண தரம் படித்த வருடத்தில் கணித ஆசிரியர் போனபின் அடுத்தவர் வருவதற்குள் ஒரு தவணை முழுவதும் போய்விட்டது. நாங்கள் எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில், "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒரு வரி. மாகாண சபையில் எங்கள் மாவட்டத்து உறுப்பினர் ஒருவர் இருந்திருந்தால் கல்வி அமைச்சரைச் சபையில் எழுப்பிப் பதில் சொல்ல வைத்திருப்பார். எல்லாமே தீர்ந்திருக்கும் என்று சொல்லவில்லை. பதில் சொல்லவேண்டிய ஆள் ஒருவர் இருந்திருப்பார்.

அந்தச் சபை இருந்த ஐந்து வருடங்களில் வன்னிக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இரணைமடுவைச் சொல்வேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்தது. கிளிநொச்சி விவசாயிகள் சிறுபோகத்துக்கே தண்ணீர் பற்றாத குளம் இது என்று எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் குடிநீர்ப் பஞ்சம் உண்மை. வன்னியில் பாசனத் தண்ணீர் பஞ்சமும் உண்மை. கொழும்பில் மட்டும் தீர்மானித்திருந்தால் குழாய் வந்திருக்கும், விவசாயி வீதியில் நின்றிருப்பான். மாகாண சபை என்றொன்று இருந்ததால் அந்தப் பிணக்கு அங்கே பேசப்பட்டது, விவசாயியின் பக்கம் அங்கே ஒலித்தது, மாற்று வழி வேண்டும் என்ற நிலைப்பாடு அங்கிருந்து எழுந்தது. கடைசியில் திட்டம் கடல்நீரைச் சுத்திகரிக்கும் பக்கம் திரும்பி, தாளையடியில் நிலையம் அமைந்து 2024இல் திறக்கப்பட்டது. தமிழருக்கும் தமிழருக்கும் இடையில் ஒரு தண்ணீர்ப் பிரச்சினை வந்தால் அதை முகத்துக்கு முகம் பேசித் தீர்க்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இப்போது இல்லை.

குறைகளை மறைக்கப் போவதில்லை. 38 ஆசனங்களில் 30ஐ வென்ற கூட்டமைப்பின் உறுப்பினர்களே 2017இல் தங்கள் முதலமைச்சருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தார்கள். தீர்மானங்கள் நூற்றுக்கணக்கில் நிறைவேறின, மாகாண சபை இயற்றக்கூடிய நியதிச் சட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் வந்தன. 2016இல் வவுனியாவுக்கு விளைபொருள் மொத்தச் சந்தையான பொருளாதார மத்திய நிலையம் வந்தபோது ஓமந்தையில் கட்டுவதா தாண்டிக்குளத்தில் கட்டுவதா என்று முதலமைச்சரும் எம்.பி.க்களும் இழுபறிப்பட்டார்கள். கடைசியில் வேறிடத்தில் கட்டி, கட்டிமுடித்த பிறகும் அது ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. மரக்கறி விளைவித்தவன் பழையபடி தம்புள்ளைச் சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு இன்றைக்கும் அதில் ஆறாத கோபம் உண்டு. ஆனாலும் அந்தச் சபையைச் செயற்படாதது என்று தண்டிக்கும் உரிமை வாக்காளனுடையது. அடுத்த தேர்தலில் நாங்களே அவர்களைத் துரத்தியிருப்போம். அந்த வாய்ப்பைத்தான் பறித்துக்கொண்டார்கள்.

பறித்த விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தலில் பெண் வேட்பாளர் விகிதத்தை உயர்த்துவதற்கென்று ஒரு சட்டமூலம் வந்தது. குழுநிலையில் அதற்குள் தேர்தல் முறையையே மாற்றும் திருத்தங்களைச் சேர்த்து, மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேற்றினார்கள். பழைய விகிதாசார முறை போய்த் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறை வந்தது. அதற்குத் தொகுதிகளின் எல்லை நிர்ணயம் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒருவரும் வாக்களிக்கவில்லை. மீளாய்வுக்குப் பிரதமர் தலைமையில் குழு போடப்பட்டது. அதிலிருந்து அறிக்கை வரவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. தேர்தல் ஆணைக்குழு விரும்பினாலும் நடத்த முடியாத முடிச்சு இது. அன்றைக்கு அந்தத் திருத்தத்துக்குக் கூட்டமைப்பும் கை உயர்த்தியது என்பதை வன்னி வாக்காளர் மறக்கக்கூடாது. பின்னாளில் கூட்டமைப்பு எம்.பி.யாக இருந்த சுமந்திரன் பழைய முறைக்குத் திரும்புவதற்குத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தேர்தல் காலத்தில் மட்டும் ஏன் பேசுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாகாண சபை இல்லாத ஊரில் எம்.பி.தான் ராஜா. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அவர் வைத்ததுதான் பேச்சு, திறப்பு விழாவில் நாடா வெட்டுவது அவர், ஆசிரியர் இடமாற்றத்துக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுப்பது அவர். முப்பத்தெட்டுப் பேர் புதிதாக வந்தால் இந்த இடம் பறிபோகும். நாளைக்கு அவர்களில் ஒருவர் எம்.பி. ஆசனத்துக்கும் போட்டியாக வருவார். எல்லாக் கட்சிக்கும் இது பொருந்தும், கொழும்புக் கட்சி தமிழ்க் கட்சி என்ற வேறுபாடு இல்லை. மேடையில், மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்து என்று முழங்குகிறவர், பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் அதற்காக என்ன செய்தார் என்று பாருங்கள்.

மாகாண சபை வந்தால் காணிப் பிரச்சினை தீரும் என்று நான் சொல்லமாட்டேன். காணி, பொலிஸ் அதிகாரங்கள் ஒருநாளும் கையில் தரப்படவில்லை. 2025 மார்ச் 28இல் வடக்கில் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு உரித்தை நிரூபிக்கச் சொல்லி வர்த்தமானி வந்ததே, அது உள்ளூராட்சித் தேர்தல் பிரசாரத்தின் நடுவில் வந்தது. மூன்று மாதத்துக்குள் காணி உறுதியைக் காட்டவேண்டும் என்றார்கள். முல்லைத்தீவில் எத்தனை வீட்டு உறுதிகள் இடப்பெயர்வில் எரிந்தன, எத்தனை பெட்டிகள் முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்டன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு மே மாதத்தில் அரசாங்கம் அதை மீளப்பெறுவதாக அறிவித்தது. சபை இருந்திருந்தால் அதைத் தடுத்திருக்கும் என்று வாதாட மாட்டேன். ஆனால் அந்த வாரங்களில் ஊர் மக்கள் எந்தக் காணி, யாருடைய காணி, எங்கே முறையிடுவது என்று தெரியாமல் கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். சபை இருந்திருந்தால் விளக்கம் சொல்லவும் பட்டியல் எடுக்கவும் ஒரு மாவட்டத்துக்கு நான்கு, ஐந்து பேராவது பொறுப்போடு நின்றிருப்பார்கள்.

செலவு பற்றி. மாகாண சபை மூடப்பட்டதால் காசு மிச்சம் என்று நினைக்க வேண்டாம். பிரதம செயலாளர் அலுவலகம் இயங்குகிறது. அமைச்சுச் செயலாளர்கள், திணைக்களப் பணிப்பாளர்கள், ஆயிரக்கணக்கான ஊழியர்கள், வாகனங்கள், கைதடியில் சபைக் கட்டடம், எல்லாம் அப்படியே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பணம் எங்கள் வரியிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. இல்லாதது 38 உறுப்பினர்கள் மட்டும். ஆகவே அடுத்த தேர்தலுக்கு உங்கள் வாசலுக்கு வருகிறவரிடம் மாகாண சபை வேண்டுமா என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆம் என்பார்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தை நீக்கிப் பழைய முறையில் உடனே தேர்தல் நடத்தும் சட்டமூலத்துக்கு உங்கள் கட்சி எந்தத் திகதிக்குள் வாக்களிக்கும் என்று கேளுங்கள். திகதி சொல்கிறவருடைய பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.