வெயில் எறிக்குது, ஏன் குளிர் விடுதில்லை?

தம்பி, டிசெம்பரில் ரொறொன்ரோவில் பளிச்சென்று வெயில் எறித்தாலும் உடம்பில் சூடு ஏறுதில்லையே, பூமி சூரியனை விட்டுத் தள்ளிப் போறதாலதான் இந்தக் குளிரோ என்று கேட்டிருந்தீர்கள்.

தூரம் காரணமே இல்லை. பூமி சூரியனுக்கு ஆகக் கிட்ட வருவது யனவரித் தொடக்கத்தில்தான், கிட்டத்தட்ட 14.7 கோடி கிலோமீற்றர். யூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. அதாவது நாங்கள் விறைத்துக்கொண்டு நிற்கும் யனவரியில் பூமிக்கு வரும் வெயில் யூலையை விட ஏறக்குறைய 7 வீதம் கூட. அதே யனவரியில் மெல்பேணில் கோடை. தூரம்தான் காரணமென்றால் இரண்டு ஊருக்கும் ஒரே காலநிலைதானே இருக்கவேண்டும்?

பூமியின் அச்சு 23.4 பாகை சரிந்திருக்கிறது. சூரியனைச் சுற்றி வரும்போதும் அந்தச் சரிவு திசை மாறாது, வடமுனை எப்போதும் துருவ நட்சத்திரப் பக்கமே பார்த்திருக்கும். அதனால் யூனில் எங்கள் வடபாதி சூரியன் பக்கம் சாய்கிறது, டிசெம்பரில் அப்பால் சாய்கிறது.

இதை நீங்களே அளக்கலாம். 1 மீற்றர் தடியொன்றைச் சமதரையில் நேராக நடுங்கள். டிசெம்பர் 21 உச்சிப்பொழுதில் இங்கே நிழல் 2.4 மீற்றர் நீளும், ஏனென்றால் சூரியன் அடிவானிலிருந்து 23 பாகைதான் ஏறும். யூன் 21இல் 70 பாகை ஏறும், நிழல் 37 சென்ரிமீற்றர்தான். யாழ்ப்பாணத்தில் டிசெம்பரில்கூட 57 பாகை, நிழல் 65 சென்ரிமீற்றர். பலர் பிழைவிடுவது நேரத்தில். இங்கே உச்சிப்பொழுது மணிக்கூட்டில் 12 அல்ல, டிசெம்பரில் 12.16 அளவில், யூனில் மணிக்கூடு ஒரு மணி முன்னால் நிற்பதால் 1.19 அளவில்.

வெயில் சரிந்து விழுந்தால் அதே ஒளி கூடுதலான நிலத்தில் பரவிப்போகும். அதோடு பகலும் குறுகும்: டிசெம்பரில் 9 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு, யூனில் பதினைந்தரை. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், முகிலை விட்டுப் பார்த்தாலும், டிசெம்பர் 21இல் ஒரு சதுர மீற்றருக்கு வரும் வெயில் யூன் 21இல் வருவதன் கால் பங்கை ஒட்டித்தான். யாழ்ப்பாணத்தில் பகல் ஆண்டு முழுக்க ஒரு மணித்தியாலச் சொச்சம்தான் கூடிக்குறையும். எங்களுக்கு இந்தக் குளிர் புதிதாக இருப்பது அதனால்தான்.

டிசெம்பர் 21க்குப் பிறகு பகல் நீளத் தொடங்கும், ஆனால் குளிர் யனவரிக் கடைசியில்தான் உச்சம். நிலமும் ஏரியும் உள்ளே வைத்திருக்கிற சூட்டை மெல்ல மெல்லத்தான் இழக்கும். வசந்தத்திலும் இதே தாமதம்தான். மார்ச் 20 வசந்தம் என்று கலண்டரில் இருப்பதை நம்பி யக்கெற்றை உள்ளே வைத்துவிடாதீர்கள், ஏப்ரலிலும் ஸ்நோ கொட்டும். மே மாதத்தில் ஒன்ராரியோ ஏரிக்கரை, ஏரியை விட்டுத் தள்ளியிருக்கும் இடங்களை விடக் குளிராக இருப்பதும் இதனால்தான்.

வீடு பார்க்கும்போது தெற்குப் பார்த்த யன்னலைத் தேடுங்கள். வின்ரரில் சூரியன் பதிந்து போவதால் வெயில் அறையின் உள்சுவர் வரை வரும். பகலில் திரையைத் திறந்து வையுங்கள், இருட்டினதும் மூடுங்கள். காலையில் தென்கிழக்காகக் கார் ஓட்டுபவர்களுக்கு அதே சூரியன் நேரே கண்ணில் குத்தும், முன்கண்ணாடியை உள்பக்கமும் துடைத்து வைத்திருங்கள். தைப்பொங்கலன்று சூரியன் நேர் கிழக்கில் வராது, 7.50 மணியளவில், கிழக்கிலிருந்து 30 பாகை தெற்கே தள்ளி எழும். பல்கனி வடக்கைப் பார்த்திருந்தால் அங்கிருந்து தெரியாது.

கறிவேப்பிலைச் சாடியை இரவு வெப்பம் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்க முன்னம் உள்ளே எடுத்து, அந்தத் தெற்கு யன்னலடியில் வையுங்கள். வெயில் போதாமல் வளர்ச்சி நின்றுவிடும், இலையும் கொஞ்சம் கொட்டும். அதைப் பார்த்துவிட்டுத் தண்ணியைக் கூட்டினால் வேர் அழுகும். மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் விடுங்கள். கத்தரி, மிளகாய்க் கன்றுகளை மே 18க்கும் 24க்கும் இடையில் வரும் விக்ரோரியா நாள் விடுமுறைக்கு முன்னம் வெளியே நடவேண்டாம். பகல் எவ்வளவு நீண்டிருந்தாலும் அதுவரை ஒரு இரவு உறைபனி விழக்கூடும், ஒரே இரவில் கன்று கருகிவிடும்.