சென்னையில் எந்தத் தெருவில் குடியேறுவது?

கோடை விடுமுறையில் ஊர் மாறும் குடும்பங்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: சென்னையில் எங்கே வீடு பார்ப்பது, பார்த்த வீடு சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: கணவருக்கு சிறுசேரி சிப்காட்டில் வேலை. எனக்கு கிண்டியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. மகன் ஆறாம் வகுப்பு, மகள் ஒன்றாம் வகுப்பு. மூட்டுவலியோடு மாமியாரும் எங்களுடன் வருகிறார். ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலையில்) பார்ப்பதா, தாம்பரம் பக்கம் பார்ப்பதா? (திருநெல்வேலி வாசகி)

சிறுசேரியில் இருக்கும் பெரிய நிறுவனங்கள் பலவற்றுக்குச் சொந்தப் பேருந்தோ, வேனோ உண்டு. உங்கள் கணவரின் அலுவலக வண்டி எந்தெந்த நிறுத்தங்களில் ஆள் ஏற்றுகிறது, காலையில் எத்தனை மணிக்கு என்ற பட்டியலை முதலில் வாங்குங்கள். தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரி அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. உங்களுக்கு அப்படி வண்டி கிடையாது என்றால் வீடு உங்கள் பயணத்தை ஒட்டியே இருக்க வேண்டும். கிண்டிக்கு நம்பத்தகுந்த வழி கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில். குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ ஏறினால் சாலை நெரிசல் உங்களைத் தொடாது.

ஓ.எம்.ஆரில் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சிப்காட் தடம் வருகிறது. 'மெட்ரோ வரப்போகுது' என்று சொல்லியே வாடகையை ஏற்றிக் கேட்பார்கள். இன்று ஓடுகிற ரயிலுக்கு மட்டும் வாடகை கொடுங்கள். வரப்போகிற ரயில் வந்த பிறகு அங்கே மாறிக்கொள்ளலாம்.

உங்கள் நிலைக்குக் கிழக்குத் தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் வட்டாரத்தில் தேடத் தொடங்கலாம். அங்கிருந்து ஸ்டேஷனுக்கும் போகலாம். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஓ.எம்.ஆருக்கும் போகலாம். ஊருக்குப் போகத் தென்மாவட்ட ரயில்கள் தாம்பரத்தில் நிற்கின்றன, கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் பக்கம். மாதம் ஒருமுறை நெல்லைக்குப் போய்வரும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாமியாருக்கு, கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை உங்கள் அலுவலகப் பக்கமே இருக்கிறது.

மேற்குத் தாம்பரத்தில், குறிப்பாக முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம், வாடகை குறைவாகச் சொல்வார்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் மிக மோசமாகத் தாக்கிய இடங்களில் அவையும் உண்டு. அங்கே நல்ல தெருக்களும் இருக்கின்றன. ஆனால் அடுத்த பதிலில் சொல்லும் சோதனைகளைச் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

வரிசை இப்படி இருக்கட்டும்: பள்ளியில் இடம் உறுதியாகட்டும், பிறகு வீடு, பிறகு அட்வான்ஸ். வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடினால் ஒன்றாம் வகுப்புக் குழந்தை தினமும் வேனில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும். வேன்காரர் 'அரை மணிதான்' என்பது பள்ளிக்கு நேராகப் போகும் நேரம். முதலில் ஏறி கடைசியில் இறங்கும் குழந்தை எது என்று கேளுங்கள். உங்கள் தெரு அந்த வட்டத்தின் முனையில் இருந்தால் அது உங்கள் குழந்தைதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு பார்த்துவிட்டு முடிவு செய்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அந்த நேரத்தில் எந்தத் தெருவும் அமைதியாக இருக்கும். திங்கள் காலை ஏழரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி அலுவலக நாற்காலி வரை போய்ப் பாருங்கள். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தது, பிளாட்பாரம் மாறியது எல்லாம் சேர்த்துக் கணக்கிடுங்கள். இருட்டிய பிறகு ஸ்டேஷனிலிருந்து வீடு வரை ஒருமுறை நடந்து வாருங்கள். தெருவிளக்கு, நாய்கள், டாஸ்மாக் வாசல், மூடாத மழைநீர் வடிகால் எல்லாம் அந்த நடையில்தான் தெரியும்.

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தளத்தில் நல்ல வீடு. அக்கம்பக்கத்தைவிட வாடகை நாலாயிரம் குறைவு. 'வெள்ளமெல்லாம் அந்தப் பக்கம்தான், இங்கே வராது' என்கிறார் புரோக்கர். நம்பலாமா? (திண்டுக்கல் வாசகர்)

ஒரே ஏரியாவில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெருவில் கணுக்கால் நனையாது. அதனால் 'வேளச்சேரி வேண்டாம்' என்றும் சொல்ல முடியாது, 'பயமில்லை' என்றும் சொல்ல முடியாது. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு பக்கம் கடலில் கலக்க வேண்டும். வடியும் வழி அது ஒன்றுதான், அதுவும் குறுகல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் மழை விட்ட பிறகும் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது இதனால்தான்.

அந்த வீட்டுக்குப் போய் இவற்றைப் பாருங்கள்.

காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கம். தண்ணீர் நின்ற சுவரில் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடும். புதிதாக வெள்ளையடித்திருந்தால் சுவரை விட்டுவிட்டு மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் ரூமுக்குள், பழைய மரக்கதவின் அடிப்பகுதியில் பாருங்கள். அங்கே யாரும் வெள்ளையடிப்பதில்லை. கதவின் அடிப்பலகை மட்டும் உப்பி இருந்தாலோ, கீழ் ஓரத்தில் தகரம் அடித்திருந்தாலோ காரணம் கேளுங்கள்.

இ.பி. மீட்டர் பெட்டி. முதலில் இடுப்பளவில் இருந்த பெட்டியைப் பிறகு தலைக்கு மேல் ஏற்றியிருந்தால், பழைய இடத்தில் சிமென்ட் பூசிய சதுரமும் நீட்டி இணைத்த பைப்பும் தெரியும். வெள்ளம் அந்தச் சதுரம் வரை வந்திருக்கலாம் என்று புரிந்துகொள்ளலாம்.

சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடி. இதுதான் மிக முக்கியம், இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மூடி தரையோடு தரையாக இருந்தால் முழங்கால் வெள்ளத்தில் சாக்கடைத் தண்ணீர் நேராகக் குடிநீரில் கலக்கும். வீட்டுக்குள் ஒரு சொட்டு வராவிட்டாலும், சம்ப்பை இறைத்து, தேய்த்து, குளோரின் போட்டுக் கழுவும் வரை கேன் தண்ணீரில்தான் குளிக்க வேண்டியிருக்கும். மூடி தரையிலிருந்து இரண்டடியாவது உயர்ந்திருப்பது நல்லது.

வாசல் மட்டம். சாலையைச் சுரண்டாமல் மேல்மேலே தார் போட்டதில் பல பழைய வீடுகள் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டன. கேட்டிலிருந்து உள்ளே இறங்கிப் போகும் வீடு என்றால், மழைக்காலத்தில் தெருவின் வடிகால் அந்த வீடுதான்.

பிறகு ஆட்களிடம் கேளுங்கள். 'இங்கே வெள்ளம் வருமா?' என்று கேட்டால் 'வராது' என்றுதான் பதில் வரும். தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் மளிகைக் கடையிலும் '2015-இல் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? 2023-இல் கரண்டு எத்தனை நாள் இல்லை?' என்று கேளுங்கள். கையை உயர்த்திக் காட்டிச் சொல்வார்கள். இரண்டாவது கேள்வி மாடி வீட்டுக்காரர்களுக்கும் அவசியம். தெருவிலுள்ள மின்பெட்டி மூழ்கினால் மூன்றாவது மாடிக்கும் கரண்டு கிடையாது. மோட்டாரும் லிஃப்டும் ஓடாது.

தெருப் பெயரும் கொஞ்சம் பேசும். ஏரிக்கரைத் தெரு, லேக் வியூ, 'தாங்கல்' என்று முடியும் ஊர்ப்பெயர் எல்லாம் அங்கே ஒருகாலத்தில் தண்ணீர் நின்றதற்கு அடையாளம்.

சுவரும் சம்ப்பும் ஆட்களும் ஒரே பதிலைச் சொன்னால் அதை நம்புங்கள். முரண்பட்டால் நாலாயிரத்தை மறந்துவிடுங்கள். ஒரு வெள்ளத்தில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, பைக் எஞ்சின் நான்கும் போனால் எத்தனை வருட நாலாயிரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வயதானவர்களால் படியேற முடியாது என்பதற்காகத் தரைத்தளம் தேடுகிறவர்கள், கீழே பார்க்கிங் விட்டு முதல் மாடியில் வீடு, ஜெனரேட்டரில் ஓடும் லிஃப்ட் என்று தேடுங்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்றால் போதாது, லிஃப்ட் அதில் இணைந்திருக்கிறதா என்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: 'இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர்' என்று எல்லா விளம்பரத்திலும் போடுகிறார்கள். உண்மையைக் கண்டுபிடிப்பது எப்படி? (கரூர் வாசகி)

'எந்தத் தண்ணீர்?' என்று திருப்பிக் கேளுங்கள். மெட்ரோ வாட்டர் குழாயா, போரா, லாரியா? 2011-இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அப்போது சேர்ந்த பகுதிகளிலும் அதற்கு வெளியே உள்ள ஊராட்சிகளிலும் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் எல்லாத் தெருவுக்கும் வந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாக்கடை இணைப்பு இல்லாத அடுக்குமாடியில் தண்ணீர் கொண்டுவர ஒரு லாரி, கழிவுநீர் எடுத்துப்போக இன்னொரு லாரி. இரண்டும் மெயின்டனன்ஸில்தான் வந்து விழும்.

ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களின் கணக்கு. ஐந்து பேருக்கு மாதம் இருபதாயிரம் லிட்டர். 'போன மே மாதம் எத்தனை லாரி வாங்கினீர்கள், ஒரு வீட்டுக்கு எவ்வளவு வந்தது?' என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கேட்டு, மே, ஜூன் மெயின்டனன்ஸ் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். டிசம்பர் ரசீதில் இந்தச் செலவு தெரியாது.

போர் தண்ணீரைச் சோதிக்க, ஒரு வெள்ளை பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். காலையில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறி அடியில் படிந்தால் இரும்புச்சத்து. ஷவரின் துளைகளிலும் குழாய் வாயிலும் வெள்ளைப் பொருக்கு இருந்தால் கடினநீர்: கீசர் காயில் போகும், முடி கொட்டுகிறது என்று வீட்டில் புலம்பல் கேட்கும். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 2000 வரை. கையில் மீட்டரோடு போனால் ஓனர் முறைத்துப் பார்க்கலாம், பரவாயில்லை.

கேள்வி: ஐந்து மாத அட்வான்ஸ், கரண்டுக்கு யூனிட் பத்து ரூபாய், காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை. இதெல்லாம் சட்டப்படி சரியா? (சேலம் வாசகர்)

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. 'எழுதாதவரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐந்து மாதம் என்று எழுதிய தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். சண்டை வந்தாலும் ஓனர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. பெயின்டிங் பிடித்தம் எவ்வளவு என்பதைத் தொகையாக எழுதச் சொல்லுங்கள். குடிபோகும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும், குழாயையும், சுவிட்ச்போர்டையும் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு சாட்சி நிற்கும்.

கரண்டு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் உண்டு. இரண்டு குடித்தனம் ஒரே இணைப்பில் இருந்து உங்களுக்கு சப் மீட்டர் மட்டும் என்றால், அந்த 100 ஓனருக்குப் போய்விடும். கூட்டுக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தொடக்க யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். 'என் பெயரில் வேண்டாம், தனி சர்வீஸ் நம்பர் இருந்தால் போதும், பில்லை நானே கட்டுகிறேன்' என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளாத வீட்டை, வாடகை மாதம் ஆயிரம் கூடுதல் என்று வைத்து மற்ற வீடுகளோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். சென்னையில் வீட்டுக்குப் பக்கத்தில் அரசு உதவிபெறும் பள்ளி நன்றாக இருக்கிறது. சேர்க்கலாமா? (விருதுநகர் வாசகர்)

அவள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்றால், மாற்றும் முன் நிறுத்தி யோசியுங்கள். மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அரசு உதவிபெறும் பள்ளி இதில் வராது. பெயரில் 'அரசு' இருப்பதால் பெற்றோர் குழம்பிவிடுகிறார்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகே தெரியவருகிறது. சென்னை மாநகராட்சியின் சென்னைப் பள்ளிகள் இந்த ஒதுக்கீட்டில் வரும். ஆகவே நல்ல மேல்நிலைப் பள்ளி ஒன்று நடக்கும் தூரத்தில் இருக்கும் தெருவாகப் பார்த்து வீடு தேடுங்கள்.

பழைய பள்ளியில் டி.சி. வாங்கும்போதே, எமிஸ் தளத்தில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளம்) அவளுடைய பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்துவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அதைச் செய்யாவிட்டால் புதிய பள்ளியில் சேர்க்கை பதிவாகாது. ஒரு சின்ன வேலைக்காக விருதுநகருக்கு இன்னொரு பயணம் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: வாடகைக்குக் கொட்டுவதைவிட வந்தவுடன் ஃபிளாட் வாங்கிவிடலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

வேண்டாம். ஒரு வடகிழக்குப் பருவமழையை அந்த ஏரியாவில் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஜூனில் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் அதற்குள் வந்துவிடும். ஏப்ரல் தண்ணீர்த் தட்டுப்பாடும் தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் 'லாக்-இன்' காலம் (இடையில் காலி செய்ய முடியாத காலம்) இல்லாமலும், காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ் போதும் என்றும் எழுதி வாங்குங்கள். மழை பெய்யும் ஒரு மாலையில், வாங்க நினைக்கும் கட்டடத்தின் பார்க்கிங்கில் அரை மணி நேரம் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் பற்றிப் பேசுங்கள்.