நாய்களை அச்சு அசலாக வரைந்த ஓவியர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? ஏன்?

மோட் ஏர்ல். லண்டனில் பிறந்து, 1916இல் நியூயார்க் போய், 1943இல் அங்கேயே காலமானவர். அப்பா ஜார்ஜ் ஏர்லும் நாய் ஓவியர்தான். மகளை முதலில் எலும்புக்கூடுகளைப் பார்த்து வரைய வைத்தாராம். விலங்கு ஓவியர் லாண்ட்சீர் இவரைவிடப் பிரபலம். கறுப்பு வெள்ளை நியூபவுண்ட்லாந்து நாய்க்கே அவர் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் லாண்ட்சீரின் நாய்கள் எனக்குக் கொஞ்சம் மேடை நாடகக்காரர்கள் மாதிரித் தெரியும்.

ஏர்லை எனக்குக் காட்டிக்கொடுத்தது கருப்பன்.

நான் ரங்கூனில் இருக்கிறேன். எங்கள் தெரு முனை டீக்கடை வாசலில் ஒரு சாக்கின் மேல் கிடந்த தெருநாய்தான் கருப்பன். இங்கே தெருநாய்க்குச் சோற்றுக்குக் குறைவில்லை; ஒரு வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து மடத்தில் கிடைத்துவிடும். அது செத்த வாரம், "தம்பி, நீதான் படம் போடுவியே, இவனையும் ஒண்ணு போட்டுக் குடு" என்று கடைக்கார அண்ணன் கேட்டார். இருந்தது ஒரே ஒரு போன் படம், அதுவும் இரவில் பிளாஷ் போட்டு எடுத்தது. கண் இரண்டும் பச்சை பல்பு போல. நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கிற படலம் ஒன்று உண்டு, அதன் வேலை.

பதினோரு நாள். கரண்ட் போனால் மெழுகுவத்தி. மயிரை ஒவ்வொன்றாக வைத்தேன். மீசைக்கு ஒரு வித்தை: மை தீர்ந்த பேனாவால் முதலில் தாளில் அழுத்திக் கோடு போட்டுவிட வேண்டும். பிறகு மேலே 6பி பென்சிலைத் தேய்த்தாலும் அந்தப் பள்ளத்தில் கரி ஏறாது, வெள்ளை முடி தானாக நிற்கும். எனக்கே பெருமையாக இருந்தது. ஆயாவிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்கடா பாக்குது?"

பாடம் பண்ணி வைத்த நாய் மாதிரி இருந்தது.

அந்த எரிச்சலில் போனில் தேடும்போதுதான் ஏர்லின் சீசர் கண்ணில் பட்டது. பிரிட்டன் மன்னர் ஏழாம் எட்வர்டின் செல்ல டெரியர் நாய். 1910 மே மாதம் மன்னரின் இறுதி ஊர்வலத்தில் சவப்பெட்டிக்குப் பின்னால், வந்திருந்த ராஜாக்களுக்கெல்லாம் முன்னால், இது நடந்துபோனது. ஜெர்மன் கைசருக்கே இதன் பின்னால்தான் இடம். ஏர்ல் அந்த ஊர்வலத்தை வரையவில்லை. மன்னரின் காலி நாற்காலியில் தலை சாய்த்திருக்கிற சீசரை வரைந்தார்.

போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் படத்தில் இருந்த மயிரில் பாதிகூட அதில் இருக்காது. ஆனால் அந்தத் தலைக்கு கனம் இருக்கிறது. என் கருப்பனின் தலையோ பலூன் மாதிரி மிதந்துகொண்டிருந்தது.

ரப்பரை எடுத்தேன். கன்னத்தில் பாதியை அழித்தேன் (மூன்று நாள் உழைப்பு, வயிறு எரிந்தது). மோவாயைச் சாக்கின் மேல் இறக்கி, அது அழுந்தும் இடத்தில் தோலைக் கொஞ்சம் பிதுங்க விட்டேன். முடி மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறி, கன்னத்தில் கீழே சரியும். அந்தப் போக்கை மட்டும் விட்டுவைத்தேன். பிளாஷ் வெளிச்சத்தைத் தூக்கிப்போட்டு, கடை வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக ஒவ்வொரு கண்ணிலும் கடுகளவு வெள்ளை.

"ஆங், டீ ஆத்துறவனைப் பாக்குது" என்றாள் ஆயா.

படம் இப்போது கல்லாவுக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பால் ஆவி பட்டுக் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. துடைத்துத் தருகிறேன் என்று கேட்டால், அண்ணன் கழற்ற விடமாட்டேன் என்கிறார்.