டிக்கி மூடவில்லை என்றால் எதை இறக்குவது?

மேற்கு மலை ஏறி, கேரள எல்லையை ஒட்டிக் குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கக் கிளம்பும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கம்பத்திலிருந்து ஒரு வாசகி: வணக்கம் ஐயா. நாங்கள் ஐந்து பேர். நானும் வீட்டுக்காரரும், மாமனார், மாமியார், எட்டு வயது மகன். சின்னக் கார். இரண்டு ராத்திரி தங்க வாகமண் போகிறோம். போன தடவை டிக்கி மூடாமல் பாதிச் சாமானைப் பிள்ளையின் காலடியில் திணித்தோம். மேலே கேரியர் மாட்டிக்கொள்ளலாமா?

கேரியருக்குப் பணம் கட்டும் முன் வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள், அம்மா. அதில் வண்டியின் வெற்று எடையும், ஆளும் சாமானும் ஏறிய பிறகு இருக்கலாம் என்கிற மொத்த எடையும் போட்டிருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் வண்டி சுமக்கும் பாரம். வெற்று எடை 900 கிலோ, வரம்பு 1,330 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 430. நான்கு பெரியவர்களுக்குத் தலைக்கு 68 கிலோ என்றால் 272, மகனுக்கு 28. ஆக 300 போய்விட்டது. சாமானுக்கு 130 கிலோதான்.

இனி நீங்கள் ஏற்றப்போவதைக் கூட்டிப் பாருங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, 40 கிலோ. சின்ன சிலிண்டரும் அடுப்பும் 15. ஐஸ் பெட்டி 18. தோசைக்கல், பாத்திரம், மளிகை 12. இரண்டு கூடாரம் 10. போர்வை, ஜமக்காளம், தலையணை 15. ஆளுக்கு ஆறு கிலோ துணிப்பை, 30. மொத்தம் 140. டிக்கி சுலபமாக மூடியிருந்தாலும் பாரம் தாண்டியிருக்கும். கேரியர் இடத்தைத்தான் கூட்டித் தரும், சுமக்கும் சக்தியைக் கூட்டாது. கேரியரின் சொந்த எடையும் இந்த 130-க்குள்தான் வர வேண்டும்.

முதலில் இறக்க வேண்டியது தண்ணீர். ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ. வழியில் குடிக்க 10 லிட்டர் போதும். தங்குமிடத்தில் நல்ல தண்ணீர் உண்டா என்று முன்னாலேயே போன் போட்டுக் கேட்டுக்கொண்டு, அங்கே பிடித்துக் காய்ச்சிக் குடியுங்கள். ஏற்ற வேண்டிய பாரம் அதிலேயே 30 கிலோ குறைந்துவிடும். அடுத்தது தலையணை. எடை கம்மிதான், ஆனால் இடத்தை விழுங்கும். உறையை மட்டும் எடுத்துப் போய் ராத்திரி அதற்குள் ஸ்வெட்டரைத் திணித்துக்கொள்ளலாம். சூட்கேஸ் வேண்டாம். மூலைகள் உள்ள பெட்டி, சக்கர மேடுகளுக்கு இடையில் உட்காராது. துணிப்பை என்றால் எந்தச் சந்திலும் மடங்கிக்கொள்ளும்.

உங்கள் ஊர் கம்பம் என்பதால் ஒரு வசதி சொல்கிறோம். திராட்சையும் தக்காளியும் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் கிடைக்குமல்லவா? பெரும்பாலும் 60-க்கு 40 சென்டிமீட்டர் அளவில் வரும். டிக்கித் தரையில் சக்கர மேடுகளுக்கு இடைப்பட்ட அகலத்தை டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். 80 சென்டிமீட்டர் இருந்தால் இரண்டு கிரேட் நெடுக்குவாக்கில் ஒட்டி உட்காரும். ஒன்று அடுப்படி, மற்றொன்று மளிகை. வண்டியிலிருந்து அப்படியே தூக்கி வைத்தால் அதுவே அலமாரி. ஓட்டை உள்ள கிரேட் என்பதால் ஈரமும் தங்காது.

கனமானது எல்லாம் தரையில், பின்சீட்டு முதுகை ஒட்டி. அதற்கு மேல் போர்வையும் துணிப்பையும். கடைசியாக, கதவைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற இடத்தில் தார்ப்பாயும் கூடாரமும். மலையில் போய் இறங்கும்போது மழை பிடித்துவிட்டால் முதலில் தார்ப்பாயைத்தான் தேடுவீர்கள். அது அடியில் கிடந்தால் மொத்தச் சாமானையும் மழையில் இறக்க வேண்டியிருக்கும். எதுவும் சீட்டு முதுகின் உயரத்தைத் தாண்டக் கூடாது. கண்ணாடியில் பின்பக்கம் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் பொருள் தன் எடையைப் போல ஏறத்தாழ 14 மடங்கு விசையோடு முன்னால் பாயும். பின் கண்ணாடித் தட்டில் வைத்த இரண்டு லிட்டர் பாட்டில் 28 கிலோ மூட்டையாக மாமனாரின் பிடரியில் விழும்.

பிள்ளையின் காலடியில் திணிப்பதை விட்டுவிடுங்கள். ஓட்டுபவரின் சீட்டுக்கு அடியிலும் எதுவும் வேண்டாம். சரிவில் உருண்டு வருகிற ஒரு தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கினால் பெடல் இறங்காது.

போடியிலிருந்து ஒரு வாசகர்: போடிமெட்டுச் சாலையில் முழுப் பாரத்தோடு போகும்போது டயர், பிரேக் பற்றி என்ன கவனிக்க வேண்டும்? டிக்கி நிறைந்திருக்கும்போது பஞ்சர் ஆனால்?

பின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. பல சின்னக் கார்களில் ஸ்டெப்னி, டிக்கித் தரைக்கு அடியில் இருக்கிறது. பஞ்சரானால் அத்தனையும் சாலை ஓரத்தில் இறங்கியாக வேண்டும். ஆகவே ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஒரு கையுறை, டார்ச் ஆகியவற்றை ஒரு சாக்கில் சுற்றி, முன்பக்க இடது சீட்டின் அடியில் இறுக்கிச் செருகிவிடுங்கள். இறக்கும் சாமானைப் போட தார்ப்பாய் மேலேயே இருக்கிறது. கிளம்பும் முன் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத டயரில் பாதிக் காற்றுதான் மிஞ்சியிருக்கும். சரிவில் ஜாக்கி போடும்போது எல்லோரையும் இறக்கிவிட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, வண்டியைத் தூக்கும் முன்பே நட்டுகளைப் பாதிச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு மல்லுக்கட்டினால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும்.

டயர் காற்று அளவு, ஓட்டுபவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய அட்டையில் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். முழுப் பாரத்துக்கென்று தனி எண் கொடுத்திருப்பார்கள், பெரும்பாலும் பின் டயருக்குக் கூடுதலாக. காலையில் டயர் சூடேறும் முன் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் பாரம் தன் வேலையைக் காட்டும். போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூட்டில் பிரேக்கின் பிடி குறையும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், அநேகமாக இரண்டாவது. கருகிய வாடை வந்தாலோ பெடல் மெத்தென்று ஆனாலோ அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும்.

இன்னொன்று. பின்பக்கம் கனத்தால் முன்பக்கம் தூக்கி, ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஸ்டியரிங் பக்கத்தில் எண் போட்ட சின்னத் திருகு இருந்தால் பெரிய எண்ணுக்குத் திருப்புங்கள், வெளிச்சம் கீழே இறங்கும்.

செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: எங்களுடையது ஏழு சீட்டு வண்டி, கேரியர் ஏற்கெனவே இருக்கிறது. தென்மலைப் பக்கம் ஜூன் மாதம் போகிறோம். ஆரியங்காவு தாண்டினால் மழைதான். மேலே எப்படிக் கட்டுவது?

மேலே ஏற்றுவது எல்லாம் பெரிதாகவும் லேசாகவும் இருக்கட்டும்: ஸ்லீப்பிங் பேக், தரை மேட், மடக்கு நாற்காலி. சிலிண்டர், தண்ணீர், பாத்திரம் மேலே போகவே கூடாது. உச்சியில் பாரம் இருந்தால் வளைவில் வண்டி சாயும். கூரை தாங்கும் எடை கையேட்டில் இருக்கும். எண் எதுவும் தரவில்லை என்றால் அந்தக் கூரை பாரத்துக்கானது அல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூரையில் தெரியும் கம்பிகள் சில வண்டிகளில் அழகுக்கு ஒட்டியவை.

கட்டும் முறை: முதலில் ஒவ்வொரு பொருளையும் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள், தார்ப்பாயை மட்டும் நம்பினால் நனையும். பிறகு தார்ப்பாயைக் கேரியரில் விரித்து, சாமானை நடுவில் வைத்து, பின்பக்க மடிப்பை முதலில் மூடி, முன்பக்க மடிப்பை அதன்மேல் போடுங்கள். மாற்றிப் போட்டால் எதிர்காற்று மடிப்புக்குள் புகுந்து, தார்ப்பாயைப் பலூனாக ஊதிக் கிழித்துவிடும். கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட் குறுக்கே இரண்டு, நெடுக்கே ஒன்று. பலரும் குறுக்கே மட்டும் கட்டுகிறார்கள். பிரேக் போட்டால் மூட்டை முன்னால் வழுக்குவதை அது தடுக்காது. பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கி இழுத்தால் காற்றில் ‘விர்ர்’ என்று அதிராது. நைலான் கயிறு நனைந்தால் இளகிக்கொடுக்கும், பருத்திக் கயிறு நனைந்தால் இறுகிக் காய்ந்தால் தளரும். எதுவானாலும் கிளம்பிய 15-ஆவது கிலோமீட்டரில் நிறுத்தி ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர்: சி.என்.ஜி. கார். டிக்கியில் பாதி சிலிண்டர். நெல்லியாம்பதிக்கு எப்படிச் சாமான் ஏற்றுவது?

சிலிண்டரோடு வந்த வண்டியின் வெற்று எடை, பெட்ரோல் வண்டியைவிட 80, 100 கிலோ வரை கூடுதல். மேலே சொன்ன கணக்கை அந்த எண்ணை வைத்துப் போடுங்கள். சிலிண்டர் வால்வுக்கு முன்னால் எதையும் அடைக்காதீர்கள், கை போக வழி இருக்கட்டும். அதன் குழாயிலோ பட்டையிலோ கயிறு கட்டக் கூடாது. மூன்று பேராகப் போனால் பின்சீட்டில் ஒரு பக்கத்தை மடக்குவதுதான் நல்ல வழி.

வால்பாறையிலிருந்து ஒரு வாசகி: மாவு, தயிர், ஊறுகாய் எடுத்துப்போனால் வண்டி முழுக்கக் கொட்டுகிறது. கேஸ் அடுப்பும் மூணாறு குளிரில் எரியவில்லை. என்ன செய்யலாம்?

1,000 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கீழே மூடிய டப்பாவுக்குள் இருக்கும் காற்று மேலே போனதும் விரிந்து மூடியைத் தள்ளும். சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் இதனால்தான். எண்ணெய், ஷாம்பு பாட்டிலை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். மாவு வழியெல்லாம் புளித்துப் பொங்கும், தூக்குவாளியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஊறுகாய்ப் பாட்டில் மூடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்துத் திருகி, குக்கருக்குள் நிறுத்துங்கள். மூன்று லிட்டர் குக்கர் கட்டாயம் வேண்டும். 1,500 மீட்டரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, கேஸும் தீரும். காலிக் குக்கருக்குள் வெங்காயமும் மசாலா டப்பாவும் உட்கார்ந்தால் இடமும் மிச்சம்.

அடுப்பு எரியாததற்குக் காரணம் பியூட்டேன். சுமார் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அது ஆவியாகவே ஆகாது, அதற்கு மேல் சில டிகிரியிலும் சுடர் சோர்ந்துவிடும். புரொப்பேன் கலந்த டப்பா வாங்குங்கள், அல்லது ராத்திரி டப்பாவைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பருகே வைத்துச் சூடாக்கவே கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். வெயிலில் நிறுத்திய காரின் தட்டு அதைத் தாண்டிவிடும், எனவே தரையில் நிழலில் வையுங்கள். பெரிய சிலிண்டர் எடுத்துப்போனால் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்திக் கட்டி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, காருக்குள் தரையில் தேங்கும். எந்த அடுப்பையும் கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள், புகையே தெரியாமல் ஆளைக் கொல்லும்.

பலாப்பழம், வாழைத்தார், வெல்லம் ஆகியவை கூடாரத்தில் இருக்கக் கூடாது. யானைக்கு மோப்பம் அதிகம். இறுக மூடிய டப்பாவில், பூட்டிய வண்டியில் வையுங்கள்.

உடுமலையிலிருந்து ஒரு வாசகர்: மறையூர் வழியில் காட்டு ஓரம் எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாமா? திரும்பும்போது ஈரக் கூடாரத்தை என்ன செய்வது?

கூடாது. அந்தச் சாலை ஆனைமலை, சின்னாறு சரணாலயங்களுக்குள் போகிறது. அனுமதியில்லாமல் இறங்கித் தங்குவதே குற்றம். 2018 மார்ச்சில் போடி அருகே குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்ததை மறக்க முடியாது. இரவில் மறையூர் வழியில் வண்டி விடுவதுமில்லை. அனுமதி பெற்ற தங்குமிடத்தில் முன்பதிவு செய்து, பொழுது சாயும் முன் சோதனைச் சாவடியைத் தாண்டிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2019-லும் கேரளத்தில் 2020-லும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்துவிட்டார்கள். பிளாஸ்டிக் தட்டு, டம்ளருக்குப் பதில் பாக்குமட்டைத் தட்டும் வீட்டு எவர்சில்வர் டம்ளரும் போதும். குப்பைக்கென்று ஒரு சாக்கை டிக்கி ஓரத்தில் மாட்டிவையுங்கள்.

ஈரக் கூடாரம் கிளம்பும்போது இருந்த எடையைவிடக் கூடுதலாக இருக்கும், மடித்தாலும் பழைய பைக்குள் போகாது. உதறிவிட்டுப் பெரிய பிளாஸ்டிக் பையில் தளர்வாகச் சுருட்டி, எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். வீடு வந்த அன்றே மாடிக் கொடியில் உள்பக்கம் வெளியே தெரியும்படி விரித்துப் போடுங்கள். இரண்டு நாள் சுருட்டியபடி கிடந்தால் பூசணம் பூத்து, தையலில் ஒட்டிய நீர்காப்புப் பட்டை உரியத் தொடங்கும். தரையில் அடிக்கும் ஆணிகளையும் மண் போகக் கழுவித் துடைத்துத் தனிப் பையில் போடுங்கள். ஈரத்தோடு உள்ளே கிடந்தால் துருக்கறை துணியில் ஏறி, பிறகு போகாது.