ஒட்டினால் மட்டும் சாகுமா?

கேள்வி: மாற்று குரூப் ரத்தம் ஏற்றினால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து என்கிறார்கள். ஆன்டிபாடி போய் அந்த சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ளுமாம். சரி, ஒட்டிக்கொண்டால் அணு எப்படிச் சாகும்? – வாசகி, கும்பகோணம்

பதில்: சாகாது. ஆன்டிபாடி ஆளைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். அடிப்பது காம்ப்ளிமென்ட் என்ற இன்னொரு கூட்டம், பெரும்பாலும் கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விட்டிருக்கும் புரதங்கள். (பாராட்டு என்று அர்த்தம் வரும் காம்ப்ளிமென்ட் வேறு, இது துணைநின்று நிறைவு செய்வது.)

நீங்கள் பி குரூப், ஏறியது ஏ குரூப் என்று வைத்துக்கொள்வோம். ஏ-க்கு எதிரான ஆன்டிபாடி குழந்தையிலிருந்தே உங்கள் ரத்தத்தில் இருக்கிறது, பெரும்பாலும் ஐஜிஎம் வகை, அதாவது ஐந்து ஆன்டிபாடிகளை வால் பக்கமாகச் சேர்த்துக் கட்டிய நட்சத்திரம். சும்மா மிதக்கும்போது தட்டையாக இருக்கும் அது, சிவப்பணுவைப் பல கைகளால் பிடித்ததும் நண்டு உட்கார்ந்த மாதிரி மடங்கும், மடங்கியதும் அதுவரை மறைந்திருந்த ஓர் இடம் வெளியே தெரியும். அங்கே வந்து உட்காருவது காம்ப்ளிமென்ட் கூட்டத்தின் முதல் ஆளான சி1-இன் ஒரு பகுதி, பெயர் சி1க்யூ, பார்க்க ஆறு மொட்டு வைத்த பூங்கொத்து. ஒரு மொட்டு மட்டும் ஒட்டினால் பிடி நிற்காது, கழன்றுவிடும். ஒரே நேரத்தில் சில மொட்டுகள் மாட்ட வேண்டும். அதனால்தான் மடங்கிய ஐஜிஎம் ஒன்றே போதும், தனித்தனியாகத் திரியும் ஐஜிஜி வகை ஆன்டிபாடி என்றால் பல பேர் நெருக்கியடித்து உட்கார வேண்டும். ஆர்எச் நெகட்டிவ் ஆளின் ஆன்டி-டி ஆன்டிபாடி ஐஜிஜிதான், ஆனால் சிவப்பணு மேல் அது ஒட்டும் டி புள்ளிகள் தள்ளித் தள்ளி இருப்பதால் பொதுவாக காம்ப்ளிமென்ட் கிளம்பாது. அந்த அணுக்களை மண்ணீரல் நிதானமாகப் பிடித்துத் தின்னும்.

சி1 விழித்த பிறகு நடப்பது சரவெடி. சி1 போய் அதே கூட்டத்துப் புரதமான சி4-ஐ வெட்டும், அப்புறம் சி2-ஐ (4-க்கு அப்புறம் 2 வருவது அச்சுப்பிழை இல்லை, கண்டுபிடித்த வரிசையில் எண் போட்டுவிட்டார்கள்), அவை சேர்ந்து சி3-ஐ நூற்றுக்கணக்கில் வெட்டித் தள்ளும். கடைசியில் சி5 முதல் சி9 வரை கூடி அணுவின் சவ்வில் சுமார் 10 நானோமீட்டர் ஓட்டை போடும். தண்ணீர் உள்ளே பாய்ந்து அணு வெடிக்கும், ஹீமோகுளோபின் வெளியே கொட்டும், சிறுநீர் கோலா நிறத்தில் போகும், சிறுநீரகம் அடிவாங்கும். வெட்டிய துண்டுகளில் சி3ஏ, சி5ஏ இரண்டும் ரத்தக்குழாய்களைத் தளர்த்துவதால் பிரஷரும் சரியும்.

இரண்டு கூட்டமும் வேறு வேறு என்று காட்டியவர் பெல்ஜியத்துக்காரர் ஜூல் போர்தே, 1890-களில், பாரிஸின் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில். தடுப்பூசி போட்ட விலங்கின் கிருமி கொல்லும் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த நீர்) 55 டிகிரி வாக்கில் சூடாக்கினார்; கொல்லும் சக்தி போயிற்று. தடுப்பூசியே போடாத விலங்கின் புதுச் சீரத்தைக் கொஞ்சம் சேர்த்தார், திரும்ப வந்துவிட்டது! சூட்டில் ஆன்டிபாடி தப்பித்தது, காம்ப்ளிமென்ட்தான் கெட்டிருந்தது. 1919-க்கான நோபல் அவருக்குத்தான். இன்றும் லேபில் காம்ப்ளிமென்டை அடக்க வேண்டுமென்றால் சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் வைக்கிறார்கள்.