சரக்கும் அடக்க விலையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். கொள்முதல் விலை ஏறிக்கொண்டே போவதால், கடைசியாக வந்த சரக்கே முதலில் விற்றதாக எழுதினால் வரி குறையும் என்கிறார் நண்பர். எழுதலாமா?

பதில்: கூடாது. கணக்கியல் தரநிலை 2 அம்முறையை ஏற்பதில்லை. முதலில் வந்தது முதலில் போனதாகவோ, எடையிட்ட சராசரியிலோ (மொத்த விலையை மொத்த எண்ணிக்கையால் வகுத்து) எழுதுங்கள். நண்பரிடம் கைமாற்று வாங்கலாம். கணக்கு யோசனை வேண்டாம்.

கேள்வி (பண்ருட்டி): முந்திரிக் கொட்டை வாங்கி, உடைத்து, தரம் பிரித்துக் குடோனில் வைக்கிறோம். முழுப் பருப்புக்கும் உடைசலுக்கும் கிலோவுக்கு ஒரே அடக்கம் போடுகிறது எங்கள் மென்பொருள். உடைசலில் எப்போதும் நட்டமே தெரிகிறது.

பதில்: இந்த வகை மென்பொருள் ஒன்றை நானும் காசு கொடுத்து வாங்கி அவதிப்பட்டேன்; விற்றவரிடம் கேட்டபோது, எடைதானே நியாயம் என்றார். அது நியாயமன்று. ஒரு சுற்றில் கொட்டை, கூலி, விறகு எல்லாம் சேர்ந்து 1,00,000 ரூபாய் செலவாகி, 150 கிலோ முழுப் பருப்பும் 50 கிலோ உடைசலும் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். எடைப்படி இரண்டும் கிலோ 500 ரூபாய். முழுப் பருப்பு 800 ரூபாய்க்கும் உடைசல் 450 ரூபாய்க்கும் விற்குமானால், ஒன்றில் இல்லாத லாபமும் மற்றொன்றில் இல்லாத நட்டமும் கணக்கில் முளைக்கின்றன. மொத்த விற்பனை மதிப்பாகிய 1,42,500 ரூபாயின் விகிதத்தில் செலவைப் பிரித்தால், முழுப் பருப்பு ஏறத்தாழ 561 ரூபாய், உடைசல் 316 ரூபாய் என்று வரும். இரண்டிலும் ஒரே விகித லாபம் நிற்கும். முழுப் பருப்பு விற்றுத் தீர்ந்து, உடைசல் மட்டும் மார்ச் 31 அன்று குடோனில் தேங்கியிருந்தால், எடைக் கணக்கு அதன் மதிப்பைக் கூட்டிக் காட்டி, கைக்கு வராத லாபத்துக்கு உங்களை வரி கட்ட வைக்கும். உடைத்த கொட்டையின் ஓடுகளை விற்றுக் கிடைக்கும் சிறு தொகையைத் தனி வருமானமாக எழுதாமல், பருப்பின் அடக்கத்திலிருந்து கழித்துவிடுங்கள்.

கேள்வி (சேதராப்பட்டு): 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலில் எங்கள் பட்டறை மூடிக் கிடந்தது. அந்த நாள்களின் வாடகையை, பிறகு செய்த பொருள்களின் அடக்கத்தில் ஏற்றலாமா?

பதில்: ஏற்றக்கூடாது. நிலையான செலவுகளை வழக்கமான உற்பத்தித் திறனுக்கு ஏற்பவே பொருள்மீது பகிர வேண்டும். முடங்கிய நாள்களின் வாடகை அந்த ஆண்டின் செலவு. நனைந்து அழிந்த சரக்கும் அப்படியே. அதன்மீது எடுத்திருந்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவையும் (வாங்கும்போது கட்டிய வரிக்காகக் கழித்துக்கொண்ட தொகையையும்) திருப்ப வேண்டும்.

கேள்வி (மேட்டுப்பாளையம், புதுச்சேரி): 500 பிளாஸ்டிக் குடங்களுக்குப் பில். மூன்று மாதம் கழித்து எண்ணினால் 480. இப்போது யாரைக் கேட்பது?

பதில்: எண்ணாமல் கையெழுத்திட்டவரைக் கேளுங்கள். இருபது குடங்களின் விலையை மற்ற 480-இன் தலையில் கட்டாமல், நட்டத்தில் எழுதுங்கள். வந்து சேராத சரக்குக்கு வரி வரவும் கிடையாது.

கேள்வி (வில்லியனூர்): ஊதுவத்தி வாங்கி, வீடு வீடாக விற்றுப் பிழைக்கிறேன். மாதிரியில் மணந்தது, வந்த சரக்கில் மணக்கவில்லை. பாதி விலைக்கும் போகாது. விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

பதில்: அம்மா, இதில் உங்கள் தவறு ஏதுமில்லை. மாதிரியைக் காட்டி விற்றால் சரக்கும் அதுபோலவே இருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் விதி. மறுவிற்பனைக்கு வாங்குபவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் சேர்ப்பதில்லை; சுயதொழிலால் பிழைப்பு நடத்துவோருக்கு அது தரும் விலக்கு, தாமே பயன்படுத்த வாங்கும் பொருளுக்குத்தான், விற்க வாங்கும் சரக்குக்கு அன்று. ஆகவே சரக்கு விற்பனைச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். கணக்கில், விற்கச் செலவாவதைக் கழித்துக் கைக்கு வரக்கூடிய தொகையை மட்டும் இருப்பு மதிப்பாக எழுதுங்கள். பில்லையும், மாதிரியில் மிஞ்சிய வத்திகளையும், பிரிக்காத ஒரு கட்டையும் பத்திரப்படுத்துங்கள். நீதிமன்றம் மாதிரியையும் சரக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கலாம்.