ஒயிட் பேஸில் உப்பு தீர்ந்தபோது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் திருப்பரங்குன்றத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செமஸ்டர் லீவில் 1979ஆம் வருடத்து ‘மொபைல் சூட் கன்டம்’ அனிமே தொடரை 43 பகுதிகளும் பார்த்து முடித்தேன். ராட்சத இயந்திரங்களுக்குள் உட்கார்ந்து மனிதர்கள் சண்டை போடும் போர்க்கதை. எதிரிப் படையிலும் நல்லவர்கள் இருப்பது, பதினைந்து வயது அமுரோ இனிமேல் சண்டைக்குப் போகமாட்டேன் என்று முரண்டு பிடிப்பது, முகமூடி போட்ட ஷார், எல்லாமே அபாரம். ஆனால் பல இடங்களில் படம் வரைந்திருப்பது மோசம். வாரத்துக்கு ஒரு புது எதிரி இயந்திரம் வந்து உடைகிறது. நடுவில் கப்பலில் உப்பு தீர்ந்துவிட்டது என்று ஒரு பகுதி முழுக்க ஓட்டுகிறார்கள். அந்த மாதிரி இடைநிரப்பிகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் தள்ளிவிட்டேன். கடைசியில் ‘நியூடைப்’ என்று மனசோடு மனசு பேசுகிற ஆட்கள் வந்து கதையே வேறாகிவிடுகிறது. ஹாஸ்டலில் பொம்மைப் படம் பார்க்கிறான் என்று கேலி செய்கிறார்கள். இது உண்மையிலேயே பெரிய படைப்பா, இல்லை பழசு என்பதால் கொண்டாடுகிறார்களா? இதைச் சுருக்கி எடுத்த மூன்று சினிமாக்களை மட்டும் பார்த்திருந்தால் போதுமா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

உங்கள் கடிதத்தில் ஷாரைப் பற்றி மட்டுமே இரண்டு பக்கம் இருந்தது. இங்கே அதை வெட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹாஸ்டல் பையன்கள் கேலி செய்வதற்கெல்லாம் பதில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வரைந்தது மோசம் என்பது உண்மைதான். பாத்திரங்களை வடிவமைத்த யாசுஹிகோ யோஷிகாசு தயாரிப்பின் நடுவிலேயே நோயில் படுத்துவிட்டார். பிற்பகுதியில் முகங்கள் கோணிக்கொண்டு போவது அதனால்தான். வாரம் ஒரு எதிரி வந்ததற்கும் காரணம் உண்டு. காசு போட்டது ஒரு பொம்மைக் கம்பெனி, அவர்களுக்குப் பொம்மை விற்றாக வேண்டும். அமுரோ ஓட்டும் இயந்திரமான கன்டத்தின் மேல் திடீரென்று கூடுதல் பாகங்களை ஒட்டி ஜோடிப்பதும் அந்தத் தேவைக்குத்தான். அப்படியும் பொம்மை சரியாகப் போகவில்லை, பார்த்தவர்களும் குறைவு. 52 பகுதிகளாகத் திட்டமிட்டதை 43லேயே முடிக்கச் சொல்லிவிட்டார்கள். தொடர் 1980 ஜனவரியில் முடிந்தது. அந்த ஜூலையில் வேறொரு கம்பெனி, பாண்டாய், 300 யென் விலையில் ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல்களை விட்டது. அதற்கப்புறம் அவை அமோகமாக விற்றது ஊரறிந்த கதை. இவ்வளவு நெருக்கடியில் எடுத்ததில் குறை இருக்கத்தான் செய்யும். அதை நீங்கள் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் உப்பை இடைநிரப்பி என்று எழுதிவிட்டீர்களே. அதைப் படித்ததும் கோபமே வந்தது. இப்போதும் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்தப் பதினாறாவது பகுதி முழுக்க உப்பைப் பற்றியது அல்ல. கப்பலில் இருக்கும் செய்லா என்ற பெண் யாருக்கும் சொல்லாமல் கன்டத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவது அதில்தான். எதிரிப் படையில் இருக்கும் தன் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தையாவது தெரியாதா என்றுதான் அவள் போகிறாள். ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தால் இது எப்படிக் கண்ணில் படும்? ஒரு பெண் ஏன் உயிரைப் பணயம் வைத்து இந்தக் காரியம் செய்கிறாள் என்று காட்டுகிற இடத்தில் விரலால் தள்ளிவிட்டுப் போய்விட்டு, தொடரின் பலம் பலவீனம் என்று எனக்குப் பட்டியல் போட்டு அனுப்புகிறீர்கள். படிக்கிற பிள்ளை நீங்கள். இந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சரி, உப்புக்கு வருகிறேன். ஒயிட் பேஸ் என்பது ஒரு போர்க்கப்பல். அதில் பயிற்சி பெற்ற சிப்பாய்கள் சொற்பம். வீடு வாசல் இழந்த அகதிகளும் பிள்ளைகளும்தான் ஏறியிருந்தார்கள். தலைவன் பிரைட்டுக்குப் பத்தொன்பது வயது. கப்பல் மத்திய ஆசியப் பாலைவனத்தைக் கடக்கிறது. அப்போது சமையல்காரர் தமுரா வந்து உப்பு இல்லை என்கிறார். அவ்வளவுதான். எதிரி இல்லை, குண்டு இல்லை. அந்த ஒரு வார்த்தையில் பிரைட்டின் முகம் மாறுவதைப் பாருங்கள். உப்பில்லாவிட்டால் ஆட்கள் சோர்ந்துவிடுவார்கள், சோர்ந்தவர்களை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது என்று அவனுக்குத் தெரியும். அதன் பிறகு கப்பல் உப்பு ஏரியைத் தேடிப் போகிறது. போர்க்கதைகளில் இந்த அளவுக்கு உண்மையான காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரர்கள் நிறைய. லீவில் வந்தால் டீக்கடையில் அவர்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். என் பெரியப்பாவும் பட்டாளத்தில் இருந்தவர்தான். ஆனால் அவர் லங்கரில், அதாவது பட்டாளச் சமையல்கட்டில், சமையல்காரர். “நீக எத்தனை பேரைச் சுட்டீக?” என்று கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். ‘ரொட்டி மிலிட்டரி’ என்று பட்டப்பெயர். அவரும் கோபப்படாமல் கோதுமை மாவு மூட்டைக் கணக்கையும் மண்ணெண்ணெய் அடுப்பு அடைத்துக்கொண்ட கதையையும் சொல்லிக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள்.

1971 சண்டையில் அவர் மேற்கு எல்லையில் இருந்தார். ரேஷன் லாரி வரும் பாதையில் குண்டு விழுந்து இரண்டு மூன்று நாளாக எதுவும் வரவில்லை. மாவு இருந்தது, பருப்பு இருந்தது, உப்பு இல்லை. முதல் நாள் பையன்கள் திட்டினார்களாம். மறுநாள் திட்டக்கூட இல்லை, தட்டில் வைத்ததைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோனார்களாம். பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் பெரியம்மா கொடுத்துவிட்ட உப்பு நார்த்தங்காய் ஒரு ஜாடி இருந்தது. வெயிலில் காய்ந்து கறுத்து, மேலெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும் நார்த்தங்காய். அதை வெந்நீரில் போட்டு, உப்பெல்லாம் இறங்கும்வரை பிசைந்து, அந்தத் தண்ணீரைப் பருப்பு டேக்சாவில் ஊற்றிவிட்டார். கசப்பும் புளிப்புமாக இருந்த அந்தப் பருப்பை ஒரு சொட்டு விடாமல் வழித்துத் தின்றார்கள். ஒரு சர்தார்ஜி சமையல்கட்டுக்கே வந்து இது என்ன மசாலா என்று கேட்டாராம். பெரியப்பாவின் போர்க்கதைகளில் டீக்கடைக்காரர்கள் கடைசிவரை உட்கார்ந்து கேட்டது இது ஒன்றைத்தான்.

இன்னொன்றை அவர் டீக்கடையில் சொன்னதே இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. முன்னால் இருக்கும் ஆட்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புவார்கள். சில நாள் அது மீந்து திரும்பி வரும். எத்தனை ரொட்டி மீந்திருக்கிறது என்று எண்ணினால் போதும், முன்னால் என்ன நடந்தது என்று சமையல்காரனுக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களுக்குச் சேதி வருவது அப்புறம்தான்.

இப்போது சொல்லுங்கள், போரைப் பார்த்தவர் யார்?

பரணி பாடிய நம் புலவர்களுக்கு இது தெரிந்திருந்தது. போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனைப் பாடுவது பரணி. ஆனால் அவன் வெற்றியோடு பாட்டு நின்றுவிடுவதில்லை. பசித்துக் கிடக்கும் பேய்கள் அந்தக் களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சுகின்றன. எவ்வளவு பெரிய வெற்றியானாலும் கடைசியில் வயிற்றிடம் வந்துதான் நிற்கிறது. அப்படிப் பாடிய மொழியில் இன்று எடுக்கும் சினிமாக்களில் ஆயிரக்கணக்கான குதிரைகள் ஓடுகின்றன, ஒரு சமையல் வண்டியாவது பின்னால் போகிறதா? மறைத்துவைக்க வேண்டிய விஷயமா அது? எனக்கு இது நெடுநாள் ஆதங்கம்.

இந்தத் தொடரை இயக்கிய டோமினோ யோஷியுகி 1941இல் பிறந்தவர். போருக்குப் பிந்தைய ஜப்பானில் அரிசி ரேஷனில்தான் கிடைத்தது. அந்தக் காலத்துப் பிள்ளை எடுத்த தொடரில் ஒவ்வொரு முக்கியமான திருப்பத்திலும் பண்டமோ பசியோ குறுக்கே வருவதைக் கவனியுங்கள். அமுரோ கப்பலை விட்டு ஓடிப்போய்ப் பாலைவன ஊர் ஒன்றில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். எதிரித் தளபதி ராம்பா ராலும் அவன் துணைவி ஹாமோனும் அங்கே வருகிறார்கள். யாரென்று தெரியாமலே ஹாமோன் அவனுக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்கிறாள். அவன் வேண்டாம் என்கிறான், நான் பிச்சைக்காரன் இல்லை என்கிறான். ராலுக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போய்விடுகிறது. ஒருவரையொருவர் கொல்ல வேண்டியவர்கள் முதலில் சந்திப்பது ஒரு வேளைச் சோற்றின் முன்னால்.

அந்த ரால் ஏன் சாகிறான்? அமுரோவின் திறமையால் மட்டும் இல்லை. அவனுக்கு வரவேண்டிய டோம் இயந்திரங்களை மேலே இருக்கும் மகுபே பொய் சொல்லித் தடுத்துவிடுகிறான். வேறு வழியில்லாமல் ரால் வெறும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கப்பலுக்குள் புகுந்து மடிகிறான். இதே மகுபேதான் ஒடெஸாவில் சுரங்கம் தோண்டிக் கனிமத்தை விண்வெளிக்கு அனுப்பிவிட்டு, இன்னும் பத்து வருடம் போரிடலாம் என்கிறான். அமுரோ மனசைப் பறிகொடுத்த மட்டில்டா யார்? ரேஷனும் உதிரிபாகமும் கொண்டுவரும் சப்ளைப் படை அதிகாரி. அந்தப் பறக்கும் லாரியில் இருந்துதான் செத்துப்போகிறாள். மிஹாரு என்ற பெண் எதிரிகளுக்காக ஒற்று வேலை பார்ப்பது கொள்கைக்காகவா? தம்பிக்கும் தங்கைக்கும் ரொட்டி வாங்க. உப்புப் பகுதியைத் தள்ளிவிட்டவருக்கு இந்த இழை எப்படித் தெரியும்?

நியூடைப் பற்றி உங்களுக்கு இருக்கும் சங்கடம் எனக்கும் உண்டு, ஆனால் காரணம் வேறு. மனசோடு மனசு பேசுவதில் எனக்குப் புகார் இல்லை. கப்பல் மறுபடி விண்வெளிக்குப் போனதும் யாருக்கும் பசிக்காமல் போய்விடுகிறது. தமுரா கண்ணிலேயே படுவதில்லை. போர் என்பது சில அபூர்வ மனிதர்களின் தலைக்குள் நடக்கும் விவகாரமாகிவிடுகிறது. தொடரின் உண்மையான பலவீனம் இதுதான். நடுவில் அமுரோ தன் அப்பாவைச் சந்திக்கும் இடம் மட்டும் பழைய பலத்தோடு இருக்கிறது. விண்வெளியில் மூச்சுக்காற்றுக் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட அப்பா, பழைய சாமான் கடையில் ஒண்டிக்கொண்டிருக்கிறார். இதைக் கன்டத்தில் பொருத்து என்று உதவாத ஒரு கருவியை மகனிடம் கொடுக்கிறார். அமுரோ அதை வாங்கிக்கொண்டு போய்த் தெருவில் வீசி எறிகிறான். அதையும் வேகமாக ஓட்டினீர்களா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

சினிமாக்கள் 1981 மார்ச், ஜூலை, 1982 மார்ச் என்று மூன்று வந்தன. கன்டத்தின் மேல் ஒட்டிய பாகங்களை அவற்றில் எடுத்துவிட்டார்கள். உடல் தேறி வந்த யாசுஹிகோ மூன்றாவதில் நிறையக் காட்சிகளைப் புதிதாக வரைந்தார், அதை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் சினிமாக்கள் மட்டும் போதாது. படையை விட்டு ஓடிவந்து ஒரு தீவில் அநாதைப் பிள்ளைகளை வளர்க்கும் டோவனின் கதை அவற்றில் இல்லை. தொடரிலேயே படுமோசமாக வரைந்த பகுதி அதுதான். ஆனாலும் யாசுஹிகோவால் அதை மறக்க முடியவில்லை, 2022இல் தனிச் சினிமாவாகவே எடுத்தார்.

பெரிய படைப்பா என்று கேட்டீர்கள். ஆமாம், கப்பல் பூமியில் இருக்கும்வரை சந்தேகமே இல்லாமல். பதினாறிலிருந்து இருபத்துநான்குவரை சாதாரண வேகத்தில் இன்னொரு தடவை பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், கட்டாயம் பதில் போடுகிறேன். அந்தக் கடிதத்தில் ஷார் வேண்டாம். மகுபே அந்த டோம்களை அனுப்பியிருந்தால் ரால் என்ன செய்திருப்பான் என்று எழுதுங்கள்.

அன்புடன்